'0.0.0.0' போட்டா வேலை செய்யுது... ஆனா யாருக்கெல்லாம்? சர்வர் டெவலப்பர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி

2017 ஜனவரி முதல் வாரம். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் அடுத்தடுத்து காலியாகின. வாடிக்கையாளர் விவரம், ஆர்டர் பட்டியல் என எது இருந்ததோ அது போய்விட்டது. அந்த இடத்தில் ஒரே ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: '0.2 பிட்காயின் அனுப்பினால் தகவல்களைத் திருப்பித் தருகிறோம்.' அன்றைய மதிப்பில் அது சுமார் 200 டாலர்.

தொடக்கத்தில் பாதிக்கப்பட்ட சர்வர்கள் சுமார் 2,000. சில நாள்களிலேயே எண்ணிக்கை 27,000-ஐத் தாண்டியது. பணம் கட்டினாலும் பலருக்குத் தகவல் திரும்பக் கிடைக்கவில்லை. காரணம், தாக்கியவர்கள் பல இடங்களில் நகல் எதுவும் எடுக்காமலே அழித்துவிட்டிருந்தார்கள்.

இதில் எந்தப் பாஸ்வேர்டும் உடைக்கப்படவில்லை. உடைக்க அங்கே பாஸ்வேர்டே இல்லை. அந்த டேட்டாபேஸ்கள் இணையத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்ற நிலையில் திறந்து கிடந்தன. அப்படித் திறந்து வைத்தது கான்ஃபிக் ஃபைலில் இருந்த ஒரு வரி. பல இடங்களில், இருக்க வேண்டியும் இல்லாமல் போன ஒரு வரி. சர்வர் எந்த ஐபி முகவரியில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லும் 'பைண்ட்' வரிதான் அது.

சாக்கெட், பைண்ட் என்றால் என்ன?

ஒரு புரோகிராம் நெட்வொர்க் வழியாக இன்னொரு புரோகிராமோடு பேச வேண்டுமானால், அதற்கு ஒரு சாக்கெட் வேண்டும். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1983-ல் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் இந்த முறை வந்தது. 40 ஆண்டுகள் தாண்டியும் லினக்ஸ், விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு என எல்லாவற்றிலும் அடிப்படை அதேதான்.

ஒரு சர்வர் வேலையைத் தொடங்கும்போது மூன்று படிகள் நடக்கும். முதலில் சாக்கெட்டை உருவாக்கும். அடுத்து அதை ஒரு ஐபி முகவரி, ஒரு போர்ட் எண் இரண்டோடும் கட்டிப்போடும். இதற்குப் பெயர்தான் 'பைண்ட்'. மூன்றாவதாக, 'யாராவது வருகிறார்களா' என்று காது கொடுத்துக் காத்திருக்கும். அது 'லிசன்'.

போர்ட் எண் என்றால் பலருக்கும் தெரியும். பாதுகாப்பான இணையதளத்துக்கு 443, மாங்கோடிபிக்கு 27017, ரெடிஸுக்கு 6379. ஐபி முகவரியைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை. 'என் கம்ப்யூட்டருக்கு ஒரு ஐபி தானே இருக்கு, அதுல என்ன தேர்ந்தெடுக்க இருக்கு?' என்று நினைப்பதுதான் காரணம்.

ஆனால் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு ஐபி மட்டும் இருப்பது அபூர்வம்.

ஒரு கடை, மூன்று கதவு

தெருமுனையில் வீட்டோடு சேர்ந்த ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு கதவு மெயின் ரோட்டைப் பார்த்திருக்கிறது. இன்னொரு கதவு பக்கத்துச் சந்தில் திறக்கிறது; அங்கே நடமாடுவது அக்கம்பக்கத்தார் மட்டும். மூன்றாவது கதவு வீட்டுக்குள்ளிருந்து கடைக்கு வருவது. அது வீட்டு ஆட்களுக்கு மட்டும்.

சர்வரும் இப்படித்தான். மெயின் ரோட்டுக் கதவு என்பது பப்ளிக் ஐபி. உலகில் எங்கிருந்தும் அதைத் தட்டலாம். சந்துக் கதவு என்பது 10 அல்லது 192.168 என்று தொடங்கும் பிரைவேட் ஐபி. அலுவலக நெட்வொர்க்கில், வீட்டு வைஃபையில் இருப்பவர்கள் மட்டும் அதற்கு வர முடியும். உள்கதவு 127.0.0.1. இதை 'லூப்பேக்' என்பார்கள். 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரும் இதற்கு உண்டு. அதே கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்கள் மட்டும்தான் இந்தக் கதவைப் பயன்படுத்த முடியும்.

எந்தக் கதவில் ஆள் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் பைண்ட். 127.0.0.1-ல் பைண்ட் செய்தால் வெளியிலிருந்து வருகிறவருக்குப் பதிலே கிடைக்காது. பிரைவேட் ஐபியில் பைண்ட் செய்தால் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் சேவை. 0.0.0.0 என்று போட்டால்?

'இந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை முகவரி இருக்கிறதோ, அத்தனையிலும் நில்லு' என்று அர்த்தம். மூன்று கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். நாளைக்குப் புதிதாக ஒரு நெட்வொர்க் கார்டு சேர்த்தாலோ விபிஎன் இணைத்தாலோ அந்தக் கதவும் தானாகவே திறந்துகொள்ளும். ஐபிவி6-ல் இதே வேலையைச் செய்வது '::' என்ற இரண்டு முக்காற்புள்ளிகள். லூப்பேக்குக்கு அங்கே '::1'.

'என் மெஷின்ல ஓடுதே!'

யாரும் வேண்டுமென்றே டேட்டாபேஸை உலகத்துக்குத் திறந்துவிடுவதில்லை. பிறகு எப்படி நடக்கிறது? பெரும்பாலும் அவசரத்தில்தான்.

ஜாங்கோ, ஃபிளாஸ்க் போன்ற வெப் ஃபிரேம்வொர்க்குகளின் டெவலப்மென்ட் சர்வர்கள் இயல்பாக 127.0.0.1-ல்தான் ஓடும். லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்தால் பக்கம் வரும். அதையே போனில் திறந்து பார்க்கலாம் என்று முயன்றால் வராது. டீம் லீடரிடம் லிங்க் கொடுத்தாலும், 'எனக்கு வரலியே தம்பி' என்பார். 'என் மெஷின்ல ஓடுதேண்ணா!' என்று பதில் போகும். இணையத்தில் தேடினால் முதல் பதிலே '0.0.0.0 போடுங்க, வேலை செய்யும்' என்றுதான் இருக்கும். போட்டதும் வேலை செய்யும். அத்தோடு எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள்.

வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் லேப்டாப்பில் இதனால் பெரும்பாலும் உடனடி ஆபத்து இல்லை. ஒரே வைஃபையில் இருப்பவர்களுக்கு மட்டும் அது தெரியும். ஆனால் அதே லேப்டாப்பைக் காபி ஷாப்புக்கோ ரயில் நிலையத்துக்கோ எடுத்துப்போனால், அந்த 'ஒரே வைஃபை'யில் முன்பின் தெரியாதவர்களும் இருக்கலாம். பைத்தானில் ஒரு ஃபோல்டரைப் பகிர ஒரே வரியில் தொடங்கும் வெப் சர்வர் உண்டு. அது இயல்பாகவே எல்லா முகவரியிலும் நிற்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அதே கான்ஃபிக் ஃபைல் அப்படியே கிளவுட் சர்வருக்குப் போகும்போதுதான் விஷயம் பெரிதாகிறது. அங்கே மெயின் ரோட்டுக் கதவு நிஜமாகவே மெயின் ரோட்டில் இருக்கிறது.

'நம்ம சர்வரை யார் தேடப் போறாங்க?'

சின்ன ஸ்டார்ட்அப், கல்லூரி புராஜெக்ட், டெஸ்ட் சர்வர். இதையெல்லாம் யார் தேடிக் கண்டுபிடிப்பார்கள் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. கணக்கு அதற்கு எதிராக இருக்கிறது.

ஐபிவி4-ல் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடிதான். 2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'இஸட்மேப்' என்ற கருவியை வெளியிட்டார்கள். நல்ல நெட்வொர்க் இணைப்பு உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டர், அத்தனை முகவரிகளிலும் குறிப்பிட்ட ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டினார்கள். அதற்கு முன்பே, 2009-லேயே, இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளையும் சர்வர்களையும் பட்டியலிடும் 'ஷோடான்' தேடுபொறி வந்துவிட்டது.

ஆகவே, உங்களைக் குறிவைத்து யாரும் தேட வேண்டியதில்லை. 27017 போர்ட் திறந்திருக்கும் எல்லோரையும் ஒரு ஸ்கிரிப்ட் தேடும்; அந்தப் பட்டியலில் நீங்களும் இருப்பீர்கள். 2017-ல் நடந்தது இதுதான்.

நம் அலட்சியம், அடுத்தவருக்கு அடி

'டேட்டா போனா என்னோடது தானே' என்றும் விட்டுவிட முடியாது. 2018 பிப்ரவரி 28 அன்று, உலகெங்கும் டெவலப்பர்கள் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தின் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் அளவுக்குப் போக்குவரத்து வந்து மோதியது. அதுவரை பதிவானவற்றில் அது மிகப் பெரிய தாக்குதல். சில நிமிடங்கள் தளம் தடுமாறியது.

அந்த வெள்ளம் வந்தது வேறு யார் யாருடையதோ சர்வர்களிலிருந்து. மெம்கேஷ்டு என்பது வெப்சைட்டுகளை வேகப்படுத்த, தகவல்களைத் தற்காலிகமாக நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் மென்பொருள். உள் நெட்வொர்க்கில் மட்டும் இருக்க வேண்டியது. ஆனால் தனியாக எதுவும் சொல்லாவிட்டால் எல்லா முகவரியிலும் நின்றுவிடும். அதில் யுடிபி வழியும் அப்போது இயல்பாகவே திறந்திருந்தது. யுடிபியில், அனுப்பியவர் முகவரியைப் பொய்யாக எழுத முடியும்.

தாக்கியவர்கள் கிட்ஹப்பின் முகவரியை அனுப்புநராகப் போட்டு, சின்னச் சின்னக் கேள்விகளை அந்தச் சர்வர்களுக்கு அனுப்பினார்கள். பதில்கள் எல்லாம் கிட்ஹப் தலையில் போய் விழுந்தன. ஒரு பைட் கேள்விக்கு 51,000 பைட் வரை பதில் வரக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. 127.0.0.1-லோ பிரைவேட் ஐபியிலோ கட்டிப்போட்டிருந்தால், அந்தச் சர்வர்கள் இதில் ஆயுதமாகியிருக்க வாய்ப்பே இல்லை. அதே வாரத்தில் வெளிவந்த மெம்கேஷ்டு 1.5.6 பதிப்பு, யுடிபியை இயல்பாகவே மூடிவிட்டது.

மென்பொருள்கள் பாடம் கற்ற கதை

இந்தச் சம்பவங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். டெவலப்பர் எதையும் மாற்றாமல் விட்டால் என்ன நடக்கிறதோ, அதுதான் பெரும்பாலான சர்வர்களின் தலையெழுத்து. அதனால்தான் மென்பொருள்களே இயல்பு நிலையை மாற்றத் தொடங்கின.

எலாஸ்டிக்சர்ச் 2015-ல் வந்த 2.0 பதிப்பிலிருந்து லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் நிற்கத் தொடங்கியது. ரெடிஸ் 2016-ல் வந்த 3.2 பதிப்பில் 'பாதுகாப்பு மோட்' கொண்டுவந்தது. பைண்டும் சொல்லவில்லை, பாஸ்வேர்டும் வைக்கவில்லை என்றால், வெளியிலிருந்து வருபவருக்கு அது எச்சரிக்கையை மட்டும் பதிலாகத் தரும். மாங்கோடிபி தன் லினக்ஸ் பேக்கேஜ்களில் 2.6 பதிப்பிலேயே லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மாறியிருந்தாலும், வேறு வழிகளில் நிறுவியவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2017 இறுதியில் வந்த 3.6-லிருந்துதான் எல்லா வகையிலும் அது இயல்பானது.

ஆனாலும் எல்லா மென்பொருளும் ஒன்றுபோல இல்லை. போஸ்ட்கிரெஸ் இயல்பாக லோக்கல்ஹோஸ்ட்டில் நிற்கும். மைஎஸ்க்யூஎல்-லின் சொந்த இயல்பு நிலை எல்லா முகவரியும். உபுண்டு பேக்கேஜில் நிறுவினால் மட்டும் 127.0.0.1. நோட் ஜேஎஸ்-ல் எழுதும் சர்வரில் ஹோஸ்ட் பெயரைக் குறிப்பிடாவிட்டால் எல்லா முகவரியிலும் நிற்கும். 'போன புராஜெக்ட்ல இப்படித்தான் இருந்துச்சு' என்று நம்பி விட முடியாது.

டாக்கரில் ஒரு வலை

இன்றைய இளம் டெவலப்பர்கள் அதிகம் மாட்டுவது டாக்கரில்தான். கன்டெய்னரை இயக்கும்போது '6379:6379' என்று போர்ட்டைத் திறந்துவிட்டால், டாக்கர் அதை ஹோஸ்ட் கம்ப்யூட்டரின் எல்லா முகவரியிலும் திறக்கும். 'ஃபயர்வால் போட்டிருக்கேன், பயமில்லை' என்று உபுண்டுவின் யுஎஃப்டபிள்யூ-வை நம்பியிருப்பவர்களுக்கு ஓர் அதிர்ச்சி: டாக்கர் தன் விதிகளை நேரடியாக லினக்ஸ் கெர்னலின் பாக்கெட் வடிகட்டியில் எழுதுகிறது. அதனால் யுஎஃப்டபிள்யூ மூடியிருப்பதாகக் காட்டும் போர்ட்டுக்கும் வெளியிலிருந்து வர முடியும்.

தீர்வு எளிது. '127.0.0.1:6379:6379' என்று முன்னால் முகவரியைச் சேர்த்துவிட்டால் போதும். ஹோஸ்ட்டின் உள்கதவு மட்டும் திறக்கும்.

இதிலேயே தலைகீழான குழப்பமும் உண்டு. கன்டெய்னருக்குள் ஓடும் ஆப் 127.0.0.1-ல் பைண்ட் ஆகியிருந்தால், போர்ட்டைத் திறந்தாலும் பக்கம் வராது. கன்டெய்னர் தனக்கென ஒரு தனி லூப்பேக் வைத்திருக்கிறது. அந்த உள்கதவு கன்டெய்னருக்குள் மட்டும்தான். இங்கே ஆப் 0.0.0.0-ல் நிற்பதுதான் சரி. கட்டுப்பாட்டை வெளியே, ஹோஸ்ட் பக்கத்தில் போட வேண்டும்.

அதாவது, 0.0.0.0 என்பதே தப்பு இல்லை. எல்லாருக்குமான வெப் சர்வர் 443-ல் எல்லாக் கதவிலும் நிற்பது இயல்பு. 'வேலை செய்யலியே' என்பதற்கு மருந்தாக, யோசிக்காமல் அதைப் போடுவதுதான் தப்பு.

குறிப்பிட்ட ஐபி போட்டால் வரும் தலைவலிகள்

குறிப்பிட்ட ஐபியில் கட்டிப்போட முயலும்போது சில எரர்கள் வரும். அவற்றின் காரணம் தெரிந்தால் பயந்துபோய் மீண்டும் 0.0.0.0-க்கு ஓட வேண்டியதில்லை.

முதலாவது, 'கேட்ட முகவரியை ஒதுக்க முடியாது' என்ற பொருளில் வரும் எரர். பைண்ட் செய்யும் ஐபி அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. கிளவுடில் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அமேசானின் இசி2 சர்வரில், பப்ளிக் ஐபி மெஷினுக்குள் இருப்பதில்லை. வெளியே இருக்கும் நெட்வொர்க் அதைப் பிரைவேட் ஐபிக்கு மாற்றி அனுப்புகிறது. அதனால் மெஷினுக்குள் தெரியும் பிரைவேட் ஐபியில்தான் பைண்ட் செய்ய முடியும். பப்ளிக் ஐபி வழியாக வருபவரும் அந்தப் பிரைவேட் ஐபிக்குத்தான் வந்து சேர்வார் என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே கேட் போடும் வேலை செக்யூரிட்டி குரூப்புடையது.

இதே எரர் ரீபூட்டுக்குப் பிறகு மட்டும் வருகிறதா? நெட்வொர்க் கார்டுக்கு ஐபி கிடைப்பதற்கு முன்பே சர்வர் எழுந்துவிட்டது என்று அர்த்தம். நெட்வொர்க் தயாரான பிறகு தொடங்கும்படி சர்வீஸை அமைக்க வேண்டும்.

இரண்டாவது, 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்ற எரர். உபுண்டுவில் சொந்தமாக டிஎன்எஸ் சர்வர் நிறுவியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். சிஸ்டமின் சொந்த டிஎன்எஸ் சேவை ஏற்கெனவே 127.0.0.53 முகவரியில் 53-வது போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். புதிய சர்வர் 0.0.0.0-ல் 53 கேட்டால் அந்த முகவரியும் அதில் அடக்கம் என்பதால் மோதல். புதியதை 192.168.1.10 போன்ற உங்கள் ஐபியில் மட்டும் பைண்ட் செய்தால் இரண்டும் சண்டையில்லாமல் ஓடும். ஒரே போர்ட் எண், வேறு வேறு முகவரி என்றால் மோதல் கிடையாது. குறிப்பிட்ட ஐபியில் பைண்ட் செய்வதன் இன்னொரு லாபம் இது.

பைண்ட் மட்டும் போதுமா?

போதாது. இரண்டு காரணங்கள்.

ஒன்று, பைண்ட் என்பது முகவரியைப் பார்க்கிறது. பாக்கெட் எந்தக் கேபிள் வழியாக வந்தது என்பதை அல்ல. இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள லினக்ஸ் சர்வரில், பிரைவேட் ஐபிக்கான பாக்கெட் பப்ளிக் கார்டு வழியாக வந்தாலும் இயல்பாக ஏற்றுக்கொள்ளப்படும். பிரைவேட் முகவரிகள் இணையத்தில் பயணிக்காது என்பதால் தூரத்திலிருந்து இது நடக்காது. ஆனால் அதே நெட்வொர்க்கில் பக்கத்தில் இருக்கும் மெஷின் இதை முயன்று பார்க்கலாம். அதற்கு ஃபயர்வால் வேண்டும்.

இரண்டு, உள்கதவு என்பதற்காக லூப்பேக்கைக் கண்ணை மூடி நம்ப முடியாது. நீங்கள் பிரவுசரில் திறக்கும் வெப்சைட்டும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஓடும் பிரவுசர் வழியாகத்தான் பேசுகிறது. 2019 ஜூலையில் இது வெளிச்சத்துக்கு வந்தது. மேக் கம்ப்யூட்டர்களில் ஜூம் ஆப் லோக்கல்ஹோஸ்ட்டில் ஒரு சின்ன வெப் சர்வரை வைத்திருந்தது. அதன் மூலம் ஒரு வெப்சைட், பயனரைக் கேட்காமலே ஜூம் மீட்டிங்கில் சேர்த்துவிட முடிந்தது. ஆப்பை நீக்கினாலும் அந்தச் சர்வர் நீங்காமல் இருந்தது. கடைசியில் ஆப்பிள் நிறுவனமே அப்டேட் அனுப்பி அதை அகற்றியது. ஆகவே லோக்கல்ஹோஸ்ட்டாக இருந்தாலும் பாஸ்வேர்டு வேண்டும்.

இப்போதே பார்க்கலாமா?

லினக்ஸ் சர்வரில் 'எஸ்எஸ்' கட்டளையை டி, யு, எல், என், பி ஆகிய ஆப்ஷன்களோடு ஓட்டுங்கள். விண்டோஸில் 'நெட்ஸ்டாட்', மேக்கில் 'எல்எஸ்ஓஎஃப்' இதே வேலையைச் செய்யும். எந்தப் புரோகிராம் எந்த முகவரியில் நிற்கிறது என்று பட்டியல் வரும். அதில் 0.0.0.0, [::] அல்லது * என்று இருக்கும் ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதுக்கு வெளியிலிருந்து யாராவது வரணுமா?'

வர வேண்டாம் என்றால் 127.0.0.1. அலுவலகத்துக்குள் இருக்கும் இன்னொரு சர்வர் மட்டும் வர வேண்டும் என்றால் பிரைவேட் ஐபி. உலகமே வர வேண்டும் என்றால் மட்டும் 0.0.0.0. மாற்றிய பிறகு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, வேறொரு நெட்வொர்க்கிலிருந்து, உதாரணமாக மொபைல் டேட்டாவிலிருந்து, அந்தப் போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். உங்கள் சொந்த சர்வரை மட்டும்.

மொத்தம் ஐந்து நிமிட வேலை. 2017-ல் டேட்டாபேஸை இழந்தவர்களில் பலருக்கு இந்த ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்திருக்கும்.